அடியா, ஆதியா? சுமேரிலிருந்து விவிலியம் வரை ஒரு தடம்

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் வருணலிங்கத்தைத் தாண்டி நடந்தால் அடி அண்ணாமலை வந்துவிடும். 14 கிலோமீட்டர் சுற்றில் ஏறக்குறையப் பாதி வழி. கால் வலி தெரியத் தொடங்கும் இடம். பெரிய கோயில் மலைக்குக் கிழக்கே இருக்கிறது, இது மேற்கே. மலை இங்கிருந்து வேறு உருவம் காட்டும்.

ஊருக்குப் பெயர் அடி அண்ணாமலை. கோயிலில் இருக்கும் இறைவனுக்குப் பெயர் ஆதி அருணாசலேசுவரர். அடி என்றால் பாதம், அடிவாரம். ஆதி என்றால் முதல். ஒன்று தமிழ்ச் சொல், மற்றது வடசொல். ஆங்கில எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பேச்சிலும் பலர் மாற்றி மாற்றித்தான் சொல்கிறார்கள். பிரமன் இங்கே முதலில் லிங்கத்தை நிறுவினான் என்பது தலபுராண வழக்கு, அதனால் ஆதி என்பார்கள். அக்கினித் தூணாய் நின்ற சிவனின் அடிமுடி தேடிய கதை நடந்த மலை இது. பன்றியாய் நிலத்தைக் குடைந்த திருமாலுக்கும் அகப்படாத அடி என்று நினைத்தால் அடி என்ற சொல்லுக்கும் இங்கே கனம் கூடுகிறது. இரண்டு பெயருக்கும் தனித்தனியே காரணம் சொல்லலாம். ஒன்றிலிருந்துதான் மற்றது வந்தது என்று நிறுவ வேண்டுமானால் ஒலி ஒற்றுமை போதாது. கல்வெட்டோ ஏடோ எடுத்துக் காட்ட வேண்டும்.

சுமேரிய சமயத்துக்கும் விவிலியத்துக்கும் உள்ள உறவைப் பற்றித் தமிழில் பேச வரும்போதெல்லாம் எனக்கு இந்த அடியும் ஆதியும் நினைவுக்கு வருகின்றன. தமிழ் விவிலியத்தின் ஆதியாகமத்தில் ஆபிரகாம் புறப்பட்ட கல்தேயர் பட்டணத்தின் பெயர் ‘ஊர்’ என்றே அச்சிடப்பட்டிருக்கிறது. முதன்முறை படிக்கும் தமிழர் எவரும் அந்தச் சொல்லில் ஒரு கணம் நின்றுவிடுவார். சுமேரிய நகரத்துக்குத் தமிழ்ப் பெயரா? அப்படியானால் ஆபிரகாமின் முன்னோர் யார்? இப்படித் தொடங்கும் பேச்சு அண்ணாமலையின் அக்கினித் தூணையும் சீனாய் மலையின் நெருப்பையும் பாபேல் கோபுரத்தையும் ஒரே மூச்சில் கட்டிவிடும். அந்த ஆசையை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் சுமேருக்கும் விவிலியத்துக்கும் இடையில் மெய்யான தடம் ஒன்று இருக்கிறது. அதை ஒருமுறை கவனமாகப் பார்த்துவிட்டால், தடம் என்பது எப்படி இருக்க வேண்டும் என்று விளங்கும்.

ஒரு சொல்லில் தொடங்கலாம். சுமேரிய மொழியில் ‘எ’ என்றால் வீடு, ‘கல்’ என்றால் பெரிய. ‘எகல்’ என்றால் பெரிய வீடு, அரண்மனை. சுமேரியரோடு ஒரே நிலத்தில், இன்றைய தெற்கு ஈராக்கில், வாழ்ந்த அக்காதியர் பேசியது செமித்திய மொழி. அவர்கள் இந்தச் சொல்லை வாங்கி ‘எகல்லு’ என்றார்கள். அது மேற்கே போய் எபிரேயத்தில் ‘ஹேகால்’ ஆயிற்று. விவிலியத்தில் ஆகாப் மன்னனின் அரண்மனைக்கும் அந்தச் சொல்தான். எருசலேமில் சாலொமோன் கட்டிய ஆலயத்துக்கும் அந்தச் சொல்தான். சுமேரியச் சேற்று நிலத்தில் பிறந்த ஒரு சொல் கடவுளின் வீட்டுக்குப் பெயராகி எருசலேமில் நிற்கிறது. இடையில் உள்ள ஒவ்வொரு படியும் எழுத்தில் கிடைக்கிறது.

நம் கோயிலையும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. பழந்தமிழில் கோயில் என்பது மன்னனின் மாளிகை. சிலப்பதிகாரத்தில் அரண்மனைக்கு அந்தச் சொல் வருகிறது. பிறகு இறைவன் உறையும் இடத்துக்கு அதுவே பெயராயிற்று. ஹேகால் என்ற சொல்லில் உள்ள அதே எண்ணம்: ஆளுகிறவன் வீடுதான் ஆண்டவன் வீடும். எண்ணம் ஒன்று. ஆனால் சொல் கடன் போகவில்லை. கோயில் முழுக்க முழுக்கத் தமிழ் மண்ணில் முளைத்தது. ஒரே எண்ணம் இரண்டு இடங்களில் தனித்தனியே தோன்றலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இனி வெள்ளக்கதை. 1872 டிசம்பர் 3 ஆம் தேதி லண்டனில் விவிலியத் தொல்லியல் கழகத்தின் கூட்டத்தில் ஜார்ஜ் ஸ்மித் ஒரு கட்டுரை வாசித்தார். பண நோட்டு அச்சுக்குத் தகடு செதுக்கும் தொழிலில் இருந்தவர்; ஆப்பெழுத்தைத் தானாகவே கற்றுக்கொண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். நினிவேயில் அசூர்பானிபால் மன்னனின் நூலகத்திலிருந்து வந்த களிமண் பலகைத் துண்டுகளில் ஒரு கப்பல் மலைமேல் தட்டி நிற்பதையும், அதிலிருந்து புறாவைப் பறக்கவிட்டதையும், தங்க இடமில்லாமல் அது திரும்பி வந்ததையும் அவர் படித்துவிட்டிருந்தார். பிரதமர் கிளாட்ஸ்டன் அந்தக் கூட்டத்தில் இருந்தார். ஸ்மித் படித்தது கில்கமேஷ் காவியத்தின் 11 ஆம் பலகை. நாளிதழ் ஒன்றின் பணத்தில் நினிவேக்கே போய்த் தோண்டிய ஸ்மித், 1876 இல் அலெப்போவில் 36 வயதில் நோய்கண்டு இறந்தார்.

நினிவேயின் பலகைகள் அக்காதிய மொழியில் இருந்தன. அதற்கும் முந்தைய சுமேரிய வடிவம் நிப்பூர் நகரத்தில் கிடைத்தது. ஆர்னோ பேபெல் 1914 இல் வெளியிட்ட அந்தப் பலகையில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கிறது. அதில் வருகிறவன் பெயர் சியுசுத்ரா. தேவர்கள் வெள்ளத்தை அனுப்ப முடிவு செய்கிறார்கள். ஒரு தேவன் சுவர் வழியாக இரகசியம் சொல்கிறான். ஏழு பகல் ஏழு இரவு வெள்ளம் அடிக்கிறது. வெளியே வந்தவன் பலியிடுகிறான். நினிவேப் பலகைகளுக்கு முந்தைய அத்ரகாசிசு என்ற பாபிலோனியக் காவியம், கி.மு. 17 ஆம் நூற்றாண்டுப் படியில் இருக்கிறது. கதை எப்படி வளர்ந்தது என்று படிப்படியாய்ப் பார்க்க முடிகிறது.

2014 இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இர்விங் ஃபிங்கல் இன்னொரு பலகையைப் பற்றி நூல் எழுதினார். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் பலகையில் 60 வரிகள். தப்பிக்கும் படகை எப்படிக் கட்டுவது என்று அதில் அளவோடு சொல்லியிருக்கிறது. படகு வட்டமானது! கயிற்றைச் சுற்றிச் சுற்றிப் பின்னி, விலா எலும்புபோல் மரச்சட்டம் கொடுத்து, உள்ளும் புறமும் நிலக்கீல் பூச வேண்டும். பரப்பு 3,600 சதுர மீட்டர்.

தமிழ்நாட்டுக்காரருக்கு இந்தப் படகை விளக்கவே வேண்டியதில்லை. ஒகேனக்கல் போனவர்கள் ஏறியிருப்பார்கள்: பரிசல். மூங்கிலைப் பின்னி வட்டக்கூடையாக்கி, கீழே தோலோ தார்ப்பாயோ போர்த்தித் தண்ணீர் புகாமல் செய்வது. ஈராக்கில் தைகிரிசு ஆற்றில் இதே வட்டப்படகு 20 ஆம் நூற்றாண்டு வரை ஓடியது. குஃபா என்று பெயர். அந்தப் பலகையில் உள்ளது வயல் அளவுக்குப் பெருத்த ஒரு பரிசல். காவிரிக்கும் தைகிரிசுக்கும் பரிசல் பொது. அதற்காக ஒருவர் மற்றவரிடம் கற்றார் என்று சொல்ல மாட்டோம். ஆழம் மாறி மாறிப் பாறையும் சுழலுமாக இருக்கிற ஆற்றில் வட்டப்படகு நன்றாக ஓடும். ஆறு கற்றுக்கொடுத்தது.

ஆனால் விவிலியத்தில் நோவாவின் பேழைக்குப் பூசும் பொருளுக்கு வந்துள்ள எபிரேயச் சொல் ‘கோஃபெர்’. தமிழ் விவிலியம் அதைக் கீல் என்கிறது. எபிரேயத்தில் நிலக்கீலுக்கு வழக்கமான சொல் வேறு. பாபேல் கோபுரக் கதையில் அந்த வழக்கமான சொல்தான் வருகிறது. கீல் என்ற பொருளில் ‘கோஃபெர்’ விவிலியம் முழுவதிலும் ஒரே ஓர் இடத்தில், இந்தப் படகுக்கு மட்டும் வருகிறது. அக்காதிய வெள்ளக்கதையில் படகுக்குப் பூசும் கீலின் பெயர் ‘குப்ரு’. கதை பயணம் போனபோது அதன் மேல் ஒட்டியிருந்த கீலும் பெயரோடு கூடவே போயிருக்கிறது. இதைத்தான் தடம் என்கிறேன்.

மற்ற ஒற்றுமைகளும் இருக்கின்றன. கில்கமேஷில் புறா, தகைவிலான், காகம் என்ற வரிசை. ஆதியாகமத்தில் காகமும் புறாவும். இரண்டிலும் வெள்ளம் வடிந்ததும் பலி. இரண்டிலும் அதன் வாசனையை மேலே இருப்பவர் நுகர்கிறார். பாபிலோனியக் கதையில், மனிதர் அழிந்ததால் படையல் கிடைக்காமல் பசித்திருந்த தேவர்கள் அந்தப் பலியை ஈபோல் மொய்க்கிறார்கள். ஆதியாகமத்தில் நுகர்வது ஒரே கடவுள். அவருக்குப் பசி இல்லை. இனி பூமியைச் சபிப்பதில்லை என்று தம் உள்ளத்தில் முடிவு செய்கிறார். அத்ரகாசிசில் வெள்ளத்துக்குக் காரணம் மனிதர் போடும் சத்தம். என்லில் தேவனுக்குத் தூக்கம் கெடுகிறது. ஆதியாகமத்தில் காரணம் பூமியை நிரப்பிய கொடுமை. வாங்கிய கதையை எபிரேயர் தம் மனசாட்சியால் திரும்ப எழுதினார்கள். ‘சுமேரைப் பார்த்து எழுதியதுதானே’ என்று விவிலியத்தை ஒதுக்குகிறவர்கள் இந்த வேறுபாட்டை வாசிக்காமல் விட்டவர்கள்.

கதை எந்த வழியாகப் போயிற்று? இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று பழையது. கி.மு. இரண்டாம் ஆயிரத்தில் ஆப்பெழுத்து மேற்கு ஆசியா முழுவதற்கும் பொது எழுத்தாக இருந்தது. சிரியக் கடற்கரை உகாரித்தில் வெள்ளக்கதையின் துண்டும், இசுரேலில் மெகித்தோவில் கில்கமேஷ் காவியத்தின் துண்டும் கிடைத்திருக்கின்றன. கானான் நாட்டு எழுத்தர்கள் இவற்றைப் பாடமாகப் படித்தார்கள்.

மற்றது அடிமை வழி. கி.மு. 597 இலும் 586 இலும் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் யூதர்களைப் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போனான். அவர்களில் எசேக்கியேல் தீர்க்கதரிசியும் ஒருவர். கேபார் நதியருகே, தெலாபீப் என்ற இடத்தில் குடியிருந்ததாக அவர் நூல் சொல்கிறது. அந்தப் பெயரின் அக்காதிய வடிவம் ‘தில் அபூபி’: வெள்ளத்தின் மேடு. 1893 இல் நிப்பூரில் தோண்டியபோது முராசு என்ற வணிகக் குடும்பத்தின் கணக்குப் பலகைகள் கிடைத்தன. அவற்றில் கேபார் என்ற அந்தக் கால்வாயின் பெயரும் இருக்கிறது, யூதப் பெயர்களும் இருக்கின்றன. சியுசுத்ராவின் பலகை கிடைத்த அதே நிப்பூர். என்லில் தேவனின் கோயில் இருந்த நிப்பூர்.

எசேக்கியேல் 8 ஆம் அதிகாரத்தில் எருசலேம் ஆலயத்தின் வடக்கு வாசலில் பெண்கள் உட்கார்ந்து தம்மூசுக்காக அழுகிறார்கள். தீர்க்கதரிசிக்கு அது அருவருப்பு. தம்மூசு வேறு யாருமில்லை: சுமேரிய இடையன் துமுசி, ஈனன்னா தேவியின் கணவன், ஆண்டுதோறும் பாதாளம் போகிறவன். கோடையில் அவனுக்காகப் பெண்கள் ஒப்பாரி வைப்பது சுமேரிய வழக்கம். யூத நாட்காட்டியில் நம் ஆனி, ஆடியையொட்டி வரும் மாதத்துக்கு இன்றும் பெயர் தமூஸ். தடை செய்த தெய்வத்தின் பெயர் நாட்காட்டியில் தங்கிவிட்டது.

மலைக்கு வருவோம். நிப்பூர்க் கோயிலின் பெயர் எகூர். ‘எ’ என்றால் வீடு என்று பார்த்தோம். ‘கூர்’ என்றால் மலை. என்லிலுக்குப் பெருமலை என்றே பட்டம். தெற்கு ஈராக்கில் மலையே கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரை தட்டை நிலம். அந்த மண்ணின் மக்கள் தெய்வத்தை மலை என்றார்கள். மலை இல்லாத இடத்தில் செங்கல்லால் மலை கட்டினார்கள். ஊர் நகரில் கி.மு. 2100 அளவில் ஊர்நம்மு மன்னன் கட்டிய படிக்கோபுரத்தின் அடித்தளம் ஏறத்தாழ 64 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம். பாபிலோனில் இருந்தது ஒரு பக்கத்துக்கு 91 மீட்டர். அதன் சுமேரியப் பெயர் எதெமெனங்கி: வானுக்கும் மண்ணுக்கும் அடித்தளமான வீடு. அதைப் புதுப்பித்துக் கட்டி முடித்தவன் எருசலேம் ஆலயத்தை இடித்த நேபுகாத்நேச்சார்.

சிறைபட்டுப் போன யூதர்கள் அந்தக் கோபுரத்தின் நிழலில் வாழ்ந்தார்கள். பாபேல் கதையை எழுதியவர் கல்லுக்குப் பதில் செங்கல், சாந்துக்குப் பதில் நிலக்கீல் என்று நின்று விளக்குகிறார். கல்லால் வீடு கட்டும் மலைநாட்டாருக்குத்தான் அப்படி விளக்கத் தோன்றும். வானத்தைத் தொடக் கட்டியவர்கள் மொழி கலங்கிச் சிதறினார்கள் என்று அவர் முடிக்கிறார். வென்றவனின் கோபுரத்தைத் தோற்றவன் எழுத்தில் வென்ற இடம் இது.

கிழக்கே, பெரிய கோயிலின் 217 அடி இராசகோபுரத்தின் கீழ் நின்று மலையைப் பார்த்தால் கோபுரம் சிறுத்துவிடும். இங்கே மலையைக் கட்ட வேண்டியிருக்கவில்லை; மலையே லிங்கம். அண்ணுதல் என்றால் நெருங்குதல். அண்ணா மலை நெருங்க முடியாத மலை. பிரமன் அன்னமாய்ப் பறந்தும் முடியைக் காணவில்லை. உச்சியை எட்டப் பார்த்த கர்வம் தோற்பதில் பாபேல் கதைக்கும் இதற்கும் உறவு இருப்பதுபோல் தோன்றும். சீனாயும் அப்படித்தான்: யாத்திராகமத்தில் கடவுள் நெருப்பாய் மலைமேல் இறங்குகிறார், மலை புகைகிறது. ஆனால் அங்கே மலையைச் சுற்றி எல்லை குறித்து, யாரும் தொடக்கூடாது என்று கட்டளை. நமக்கு அதே சுற்றுதான் வழிபாடு. செருப்பில்லாமல் நடந்து தேயவேண்டிய பாதை. நெருப்பும் மலையும் பொது. அவற்றிடம் மனிதர் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதில் இரண்டு மரபும் எதிரெதிர்த் திசை. சீனாயிலிருந்தோ நிப்பூரிலிருந்தோ அண்ணாமலைக்கு வரும் வழியில் ஒரு பலகையும் இல்லை, ஒரு சொல்லும் இல்லை.

ஒற்றுமை கண்டவுடன் உறவு சொல்லும் அவசரம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. 1902 ஜனவரியில் பெர்லினில், பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் முன்னிலையில், அசிரிய ஆய்வாளர் பிரெடரிக் டெலிட்ச் விவிலியத்தின் சிறந்தவை பலவும் பாபிலோனியக் கடன் என்று பேசினார். அந்தப் போக்கு முற்றி, எல்லாக் கதையும் பாபிலோனிலிருந்தே வந்தது என்று சொல்லும் ஒரு கூட்டமே உருவாயிற்று, பிறகு உதிர்ந்தது. ஏதேன் தோட்டத்தின் பெயர் ‘எதின்’ என்ற சுமேரியச் சொல்லிலிருந்து வந்தது என்று நெடுநாள் பாடம் சொன்னார்கள். எதின் என்றால் வெட்டவெளி. இன்று பலர் அதைச் செழிப்பைக் குறிக்கும் செமித்திய வேர்ச்சொல்லோடு சேர்க்கிறார்கள். ஏவாள் விலா எலும்பிலிருந்து பிறந்ததற்குச் சுமேரிய ஆய்வாளர் சாமுவேல் நோவா கிரேமர் சொன்ன விளக்கம் அழகானது: சுமேரியத்தில் ‘தி’ என்றால் விலாவும் ஆகும், உயிரும் ஆகும்; நின்தி என்ற தெய்வம் விலாவின் தலைவி, உயிர் தரும் தலைவி. எபிரேயத்தில் அந்தச் சிலேடை இல்லை, விலா மட்டும் மிஞ்சியது என்றார். எனக்கு மனம் அதை ஏற்கிறது. என்றாலும் கோஃபெர் அளவுக்கு உறுதியானது அதுவன்று.

இப்போது நம் ஊருக்கு வரலாம். சுமேரியர் திராவிடரே என்று பம்பாயிலிருந்த ஸ்பானிய இயேசு சபைத் துறவி ஹெராஸ் எழுதினார். 1953 இல் அவரது பெருநூல் வந்தது. இலங்கையரான ஆ. சதாசிவம் 1965 இல் சுமேரியம் ஒரு திராவிட மொழி என்று வாதிட்டார். மலேசியாவில் லோகநாதன் சுமேரியப் பாடல்களைப் பழந்தமிழாகவே வாசித்துக் காட்டினார். இவர்கள் உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. மூலங்களை நேரே தொடத் துணிந்தவர்கள். முடிவு எனக்கு உடன்பாடில்லை.

காரணம் எளிது. தமிழில் பால், பத்து, பல் என்றால் கன்னடத்தில் ஹாலு, ஹத்து, ஹல்லு. பகரம் வருமிடத்தில் ஹகரம், ஒழுங்காக, சொல்லுக்குச் சொல். இந்த ஒழுங்கை வைத்துத்தான் கால்டுவெல் 1856 இல் திராவிட மொழிக்குடும்பத்தை நிறுவினார். சுமேரியத்துக்கும் தமிழுக்கும் இப்படியொரு ஒழுங்கை இதுவரை எவரும் காட்டவில்லை. சுமேரியத்தில் நகரத்துக்கு ‘உரு’ என்று சொல் உண்டு, நம் ஊரோடு நெருங்கி ஒலிப்பதுதான். ஆனால் ஆபிரகாமின் ‘ஊர்’ அந்தச் சொல்லே அன்று. சுமேரியர் அந்த நகரத்தை ‘உரிம்’ என்றார்கள். தேய்ந்த வடிவம் விவிலியம் வழியாக நம்மிடம் வந்து ஊராகிவிட்டது. அடியும் ஆதியும்போல.

சிந்துவெளியோடு சுமேரியருக்குத் தொடர்பு இருந்தது உண்மை. சிந்துவெளி என்று பலர் கருதும் மெலுகா நாட்டுக் கப்பல்கள் தன் துறையில் நின்றதாகச் சார்கோன் மன்னன் பெருமை பேசுகிறான். மெலுகா மொழிபெயர்ப்பாளன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் சூ-இலிசு என்பவனின் முத்திரை பாரிசில் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளன் தேவைப்பட்டான் என்றால் இரண்டும் ஒரே மொழி அல்ல. அந்த முத்திரையே சொல்லும் சாட்சி இது.

வெள்ளமும் நமக்கு உண்டு. இறையனார் களவியல் உரை முதற்சங்கத்துக்கு 4,440 ஆண்டு, இடைச்சங்கத்துக்கு 3,700 ஆண்டு என்று கணக்குச் சொல்லிக் கடல்கோளைப் பேசுகிறது. சுமேரிய அரசர் பட்டியலும் வெள்ளத்துக்கு முன் எட்டு மன்னர் 2,41,200 ஆண்டு ஆண்டதாகச் சொல்கிறது. பாகவதத்தில் மீன் வந்து எச்சரிக்கும் சத்தியவிரதன் திராவிட நாட்டு மன்னன். கடலும் ஆறும் ஊரை விழுங்கிய நினைவு நீரருகே வாழ்ந்த எல்லா மக்களுக்கும் இருக்கும். அந்த நினைவுகளுக்கு இடையே கீல் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஆய்வாளன் வேலை.

ஆதியாகமத்தில் யாக்கோபு தலைக்கு வைத்துப் படுத்த கல்லை நிமிர்த்தி நட்டு, அதன்மேல் எண்ணெய் ஊற்றி, அந்த இடத்துக்குக் கடவுளின் வீடு என்று பெயரிடுகிறான். அடி அண்ணாமலையில் எண்ணெய் ஊறிக் கறுத்த கல்லின் முன் நிற்கும் எவருக்கும் அந்தக் காட்சி அந்நியமாக இருக்காது. அந்த நெருக்கத்தை உணர இருவரில் ஒருவர் மற்றவருக்குத் தகப்பனாக வேண்டியதில்லை. அடி அண்ணாமலையின் பழமைக்குச் சுமேரின் சான்றிதழும் தேவையில்லை.

தேவைப்படுவது வேறொன்று. சதாசிவம் கேட்ட கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ உறுதியாகச் சொல்லக்கூடிய, தமிழும் சுமேரியமும் சேர்த்துக் கற்ற பிள்ளைகள். நிப்பூர்ப் பலகைகளை ஆங்கிலத்தின் வழியாக அல்லாமல் நேரே படித்துத் தமிழில் தருகிறவர்கள். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் ஏறத்தாழ 400 சுமேரிய இலக்கியப் படைப்புகளை மூலத்தோடும் மொழிபெயர்ப்போடும் இணையத்தில் வைத்திருக்கிறது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் சுமேரிய அகராதியும் இணையத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.